யானையையும் டால்ஃபினையும் நபர்களாகக் கருத வேண்டுமா?

காசிமேட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ஃபைபர் படகில் தொழில் செய்கிறவர். வலையில் மாட்டிக்கொண்ட ஓங்கில் (டால்ஃபின்) ஒன்றை, வலை வீணாவதையும் பொருட்படுத்தாமல் அறுத்து விட்டுவிட்டுக் கரை திரும்பியவர், “அதுவும் நம்மள மாதிரி ஒரு ஆளுதான்” என்றாராம். இதைக் கேட்ட நண்பர், டால்ஃபினை நபர் என்று இந்திய அரசே எப்போதோ அறிவித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, யானை, குரங்கு, டால்ஃபின் போன்ற உயர்நிலை விலங்குகளை நபர்களாகக் கருதத்தான் வேண்டுமா, கருதினால் ஞாயிற்றுக்கிழமை நாம் வாங்கும் ஆட்டுக்கறியை என்னவென்று சொல்வது என்று கேட்கிறார். ஒரே மூச்சில் கேட்டிருந்தாலும் உள்ளே இருப்பவை மூன்று கேள்விகள். விலங்குக்கு வலியும் துயரமும் உண்டா என்பது ஒன்று. ‘நான்’ என்ற உணர்வு அதற்கு உண்டா என்பது மற்றொன்று. நீதிமன்றம் அதை ஒரு நபராக ஏற்க வேண்டுமா என்பது இவ்விரண்டிலிருந்தும் வேறான மூன்றாவது கேள்வி. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் எப்போதும் சண்டையில் முடிகிறது.

எளிதில் தீர்வதை முதலில் தீர்த்துவிடுகிறேன். டால்ஃபினை நபர் என்று இந்திய அரசு அறிவிக்கவில்லை. 2013 மே மாதத்தில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. டால்ஃபின்களை அடைத்துவைத்து வேடிக்கை காட்டும் அரங்குகளுக்கு அனுமதி தரக் கூடாது என்பதே அதன் உத்தரவு. அதற்குக் காரணம் சொல்லும் இடத்தில், டால்ஃபின்களை ‘மனிதரல்லாத நபர்கள்’ எனக் கொண்டு அவற்றுக்கெனத் தனி உரிமைகள் தர வேண்டும் என்று அறிவியலாளர் பலர் கருதுவதாக ஒரு வரி வருகிறது. அந்த வரியைத்தான் பல செய்தித் தளங்கள் இந்தியாவின் அறிவிப்பாகவே எழுதிவிட்டன. உத்தரவு மிகத் தேவையான ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. 1990களின் இறுதியில் பல்கேரியாவிலிருந்து சென்னைக்குத் தெற்கே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட டால்ஃபின்கள் சில மாதங்களிலேயே இறந்துபோனதை இந்த நகரம் பார்த்திருக்கிறது. மற்றபடி, டால்ஃபின் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். அதை வேட்டையாடுவது குற்றம். உங்கள் அப்பா சட்டம் கேட்பதற்கு மேலேயே செய்திருக்கிறார்.

இனி நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் வழக்கறிஞரோ தத்துவம் படித்தவரோ இல்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்புப் பகுதிகளில் நாய், பூனை, ஆடு, மாடுகளுக்குப் பல ஆண்டுகளாக மருத்துவம் பார்த்துவரும் ஒருவர். யானைகளை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன் என்றாலும் யானை மருத்துவத்தில் தேர்ந்தவர் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். டால்ஃபினைப் பற்றிப் படித்ததுதான் உண்டு. ஆகவே வலியைப் பற்றிச் சொல்லும்போது என் தொழிலின் உறுதியோடும், மனத்தைப் பற்றிச் சொல்லும்போது படித்தவற்றை எடைபோட்டும், சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது தீர்ப்புகளைக் கவனித்துவரும் ஒரு குடிமகனாகவும் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வலியைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கே இடமில்லை. காயம்பட்ட இடத்திலிருந்து செய்தியைத் தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் கொண்டுசெல்லும் நரம்பு இழைகள் நமக்கும் நாய்க்கும் ஆட்டுக்கும் யானைக்கும் ஒரே அமைப்பு உடையவை. அறுவைக்கு முன் நமக்குப் போடும் மரத்துப்போகும் ஊசி மருந்துதான் மாட்டுக்கும் போடப்படுகிறது. அதே காரணத்தால்தான் அது அங்கேயும் வேலை செய்கிறது. ‘அது வெறும் அனிச்சைச் செயல், உள்ளே துன்பம் எதுவும் இல்லை’ என்று ஒரு காலத்தில் வாதிட்டார்கள். கால் நோவு கொண்ட பிராய்லர் கோழிகளுக்கு, வலிமருந்து கலந்த தீவனம் ஒன்றும் கலக்காத தீவனம் ஒன்றுமாக இரண்டையும் வைத்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நடந்தது. நல்ல கால் உள்ள கோழிகளைவிட நொண்டும் கோழிகள் மருந்து கலந்த தீவனத்தைத் தேடிக் கூடுதலாகத் தின்றன. அனிச்சைச் செயல் மருந்தைத் தேர்ந்தெடுக்காது. 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், பாலூட்டிகளும் பறவைகளும் ஆக்டோபஸ் உள்ளிட்ட வேறு சில உயிர்களும் நனவுக்குத் தேவையான நரம்பு அடித்தளத்தைக் கொண்டவை என்று அறிக்கை வெளியிட்டார்கள். எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கு அது புதுச் செய்தியாக இல்லை. ஆனாலும் எழுத்தில் வந்தது நல்லது.

துயரம், அச்சம், சலிப்பு ஆகியவற்றிலும் ஓரளவு உறுதியாகப் பேசலாம். கோயில் யானை நின்ற இடத்திலேயே உடலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, நாதசுரத்துக்கு ஆடுகிறது என்று குழந்தைக்குக் காட்டுகிற பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். அது ஆட்டம் இல்லை. நடக்க வேண்டிய, கூட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டிய விலங்கைச் சங்கிலியில் கட்டி நீண்ட காலம் நிறுத்தியதால் படிந்துபோன நடத்தை அது. கூண்டில் அடைபட்ட கரடியிடமும் இதையே காணலாம். காட்டில் பெண் யானை தன் தாய், தமக்கை, மகள் என்று உறவுக் கூட்டத்திலேயே ஆயுள் முழுவதும் வாழ்வது. அதைத் தனியாக ஒரு கொட்டகையில் வளர்ப்பது எவ்வளவு அன்போடு செய்தாலும் சிறைதான்.

இதற்கு அப்பால்தான் ஐயம் தொடங்குகிறது. தன்னைத் தான் என அறியும் உணர்வு உண்டா என்று பார்க்க, 1970இல் கார்டன் கேலப் என்ற உளவியலாளர் சிம்பன்சிகளிடம் கண்ணாடிச் சோதனையைச் செய்தார். விலங்கு தன் கண்ணால் நேரடியாகப் பார்க்க முடியாத இடத்தில் ஒரு குறி இட்டுவிட்டு, கண்ணாடியைப் பார்த்ததும் அது தன் உடலில் அந்த இடத்தைத் தொடுகிறதா என்று கவனிப்பது. சிம்பன்சிகள் தொட்டன. 2001இல் நியூயார்க்கில் இரண்டு டால்ஃபின்கள் குறியிட்ட பக்கத்தைக் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தன. 2006இல் வெளியான ஆய்வில், பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையின் மூன்று ஆசிய யானைகளில் ஹேப்பி என்ற ஒன்று மட்டும், கண்ணுக்கு மேலே இட்டிருந்த வெள்ளைக் குறியைத் துதிக்கையால் மீண்டும் மீண்டும் தொட்டது. ஒன்று தேறியது, இரண்டு தேறவில்லை என்பதால் அந்த இரண்டுக்கும் ‘நான்’ இல்லை என்று முடிவுகட்ட முடியுமா? யானை சேற்றை வாரி மேலே பூசிக்கொள்கிற விலங்கு. உடம்பில் ஒரு குறி இருப்பதை அது பொருட்படுத்தாமலும் இருக்கலாம். நாய் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. நாயின் உலகம் மோப்பத்தால் ஆனது, கண்ணாடியில் மணம் இல்லை. பிறகு 2019இல், வேறு மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் விரலளவு மீன் ஒன்று இதே சோதனையில் தேறியதாக அறிக்கை வந்தது. மீனுக்குத் தன்னுணர்வு உண்டு என்று ஏற்பதா, சோதனையே சரியில்லை என்பதா என்ற வாதம் ஓயவில்லை. எனக்குத் தோன்றுவது, கண்ணால் வாழும் விலங்குகளை மட்டும் ஓரளவு அளக்கும் கோல் இது என்பது. ஒருவர் இதை வைத்து ‘இது நபர், இது நபரில்லை’ என்று கோடு கிழித்தால் நான் ஏற்க மாட்டேன்.

நம் ஆசையைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் தவறும் எதிர்ப்பக்கத்தில் உண்டு. யானை அழுகிறது என்று சொல்லிக் காணொளிகள் வந்துகொண்டே இருக்கின்றன. நமக்குக் கண்ணீரைக் கண்ணிலிருந்து மூக்குக்கு வடிக்கும் நாளம் இருக்கிறது; யானைக்கு அந்த நாளம் கிடையாது. ஆகையால் கண்ணில் ஊறும் நீர் கன்னத்தில் வழிவது யானைக்கு அன்றாட நிகழ்வு. யானைக்குத் துக்கம் உண்டு என்றே நானும் நினைக்கிறேன், இறந்த யானையின் உடலையும் எலும்புகளையும் அவை மீண்டும் மீண்டும் வந்து தொட்டுப் பார்ப்பது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் வழியும் நீர் அதற்குச் சான்றில்லை. டால்ஃபின்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சீழ்க்கையைக் கொண்டிருப்பதும், அதைத் திருப்பி ஒலித்தால் அந்த டால்ஃபினே பதில் கொடுப்பதும் 2013இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. அது நாம் பெயர் சொல்லி அழைப்பதற்கு எவ்வளவு நெருங்கியது என்பது இன்னும் திறந்தே கிடக்கும் கேள்வி.

‘உயர்நிலை’ என்று நீங்கள் எழுதியதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிவை ஒன்றிலிருந்து ஆறுவரை அடுக்கிய தொல்காப்பிய மரபியலை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ‘மக்கள் தாமே ஆறறி வுயிரே’ என்பதோடு பாடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ‘ஒருசார் விலங்கும் உளவென மொழிப’ என்று அதை ஒட்டியே ஒரு நூற்பா வருகிறது. மனிதருக்குரிய அந்த ஆறாம் அறிவு சில விலங்குகளுக்கும் உண்டு என்று சொல்வார்கள் என்பது அதன் பொருள். எந்த விலங்குகள் என்று அந்த நூற்பா பெயர் சொல்லவில்லை. ஆக, உங்கள் அப்பாவின் எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆனால் ஏணிப்படியாக அடுக்கும் பழக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது: நம்மைப் போல் இருப்பது எதுவோ அது மேலே போய்விடுகிறது. பன்றி நாயைவிட எந்த விதத்திலும் மந்தமானதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நபர் பட்டியல் போடும்போது நாய்க்காகப் பேசப் பலர் வருவார்கள், பன்றிக்காக யார் வருவார்கள்? செம்மறி ஆடுகள் தம் இனத்தில் ஐம்பது முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நினைவில் வைத்திருப்பதாக 2001இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. படிக்கட்டின் கீழே இருக்கிறது என்று நாம் நினைத்த விலங்கு அது.

இப்போது சட்டம். சட்டத்தின் கண்ணில் நபர் என்பதற்கு மனிதராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. நிறுவனம் நபர், கூட்டுறவுச் சங்கம் நபர், கோயிலில் உள்ள தெய்வம் நபர். தெய்வத்தைச் சட்டம் என்றுமே வயதுவராத ஒருவராகக் கொண்டு, அதன் சார்பில் ஒரு காப்பாளர் வழக்காட இடம் தருகிறது. தஞ்சைப் பகுதியின் பத்தூரிலிருந்து கடத்தப்பட்டு லண்டனுக்குப் போன நடராசர் திரும்பி வந்தது இந்த வழியில்தான்: இடிந்து கிடந்த அந்தக் கோயிலே தன் சிலைக்காக வழக்காடலாம் என்று 1991இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பாழடைந்த ஒரு கோயிலுக்கு நீதிமன்றத்தில் நிற்க இடம் கிடைத்தது என்றால், வலியை உணரும் ஒரு யானைக்கு அந்த இடம் கிடைப்பதில் தர்க்கம் எதுவும் உடைந்துபோகாது. இதைச் சொல்வதில் தெய்வத்துக்கு இழுக்கு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

நீதிமன்றங்கள் இதில் ஒரே திசையில் போகவில்லை. கண்ணாடியில் தன் குறியைத் தொட்ட அதே ஹேப்பிக்காக நியூயார்க்கில், சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. மாநிலத்தின் உச்ச அமர்வு 2022 ஜூனில் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அதைத் தள்ளியது. அர்ஜென்டினாவில் 2016இல் சிசிலியா என்ற சிம்பன்சியின் ஆட்கொணர்வு மனு ஏற்கப்பட்டு, அது பிரேசிலில் உள்ள புகலிடத்துக்கு அனுப்பப்பட்டது. நம் நாட்டில் 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் 21ஆம் பிரிவில் உள்ள உயிர் என்பது விலங்குகளின் வாழ்வையும் தொடும் என்ற அளவுக்குப் போனது. 2023 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று கொள்ள முன்னுதாரணம் இல்லை என்று சொல்லி, ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் சட்டத் திருத்தத்தை ஏற்றது. இடையில் 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றமும், 2019இல் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றமும், பறவைகளும் நீர்வாழ் உயிர்களும் உட்பட விலங்கினம் முழுவதையுமே சட்டப்படியான நபர் என்று அறிவித்தன. அதனால் அந்த மாநிலங்களில் ஒரு கோழிக்கடையும் மூடப்படவில்லை. எல்லா உயிருக்கும் ஒரே நாளில் தரப்படும் பட்டம் எந்த உயிருக்கும் பயன்படாமல் போகும் என்று நான் அஞ்சுவது இதனால்தான்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். யானை, வாலில்லாக் குரங்குகள், டால்ஃபின் ஆகிய சிலவற்றை, தெய்வத்தைச் சட்டம் கருதும் அந்தக் குறுகிய பொருளில், நபர்களாகக் கருத வேண்டும். அதாவது, அவற்றை அடைத்துவைத்திருப்பது சரியா என்று அவற்றின் பெயரிலேயே ஒரு காப்பாளர் கேட்க முடிய வேண்டும். உரிமையாளரின் சொத்துரிமை அந்தக் கேள்விக்கு முன் அடங்க வேண்டும். அவை நம்மைப் போல் இருப்பது இதற்குக் காரணமாகாது. நெடுங்காலம் வாழ்ந்து, நெடுங்கால உறவுகளை நம்பி, பெரும் பரப்பில் திரியும் உயிர்கள் அவை. அடைத்துவைப்பதே அவற்றுக்குத் தீங்கு. வேளாவேளைக்குத் தீனி போட்டாலும், அடித்துத் துன்புறுத்தாவிட்டாலும் அந்தத் தீங்கு நீங்காது. துன்புறுத்தலை மட்டும் தடுக்கும் சட்டம் அதைப் பிடிப்பதில்லை. கடமை இல்லாத உயிருக்கு உரிமை எப்படி என்ற எதிர்வாதம் உண்டு. 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றபோது, யாரும் அதன்மேல் கொலை வழக்குப் பதியவில்லை. பதிவது அபத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தை மேலும் பதிய மாட்டோம், ஆனால் குழந்தை நபர்தான். எதிர்வாதம் அந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

நாய்க்கு ஏன் அதைக் கேட்கவில்லை என்பீர்கள். இங்கேதான் என் தொழில் என்னைத் தடுக்கிறது. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, எழவும் முடியாமல், மருந்துக்கும் அடங்காத வலியில் கிடக்கும் நாயை வீட்டார் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, அவர்கள் சம்மதத்தோடு தயோபென்டோன் மருந்தைக் கூடுதல் அளவில் செலுத்தி அதற்கு அமைதியான மரணத்தைத் தருகிறேன். ஒரு மனித நபருக்கு இதைச் செய்ய இந்தியச் சட்டம் எந்த மருத்துவரையும் அனுமதிப்பதில்லை; உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்வதை மட்டுமே உச்ச நீதிமன்றம் 2018இல் நிபந்தனைகளோடு ஏற்றது. மனித நபருக்குரிய காப்புகள் அத்தனையும் நாய்க்கு அப்படியே வந்தால், நான் அதற்குச் செய்யக்கூடிய கடைசி உதவி குற்றமாகிவிடும். கருத்தடையும் அப்படித்தான். சம்மதம் கேட்காமல் ஒரு நபரைப் பிடித்துக் கருத்தடை செய்வது கொடுமை. தெருநாய்க்கு அதைச் செய்வது அதன் உயிரைக் காத்த ஏற்பாடு. மாநகராட்சி பிடிக்கும் தெருநாய்களை பேசின் பிரிட்ஜில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்த முறை 1996இல் நின்றதும், பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறை வந்ததும் எங்கள் பகுதியின் வரலாறு. நாய்க்கடிக்கும் வெறிநோய்க்கும் அஞ்சும் மக்களின் அச்சமும் உண்மையானது, அதையும் நான் ஊசி போடும் அறையில் தினமும் பார்க்கிறேன். இந்தச் சிக்கலை நபர் என்ற சொல் தீர்க்காது. போதிய கருத்தடை மையங்களும் ஆட்களும்தான் தீர்க்க முடியும்.

நாய்க்குத் தேவை வேறு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பழைய தண்டனைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு, கொல்லப்பட்ட விலங்கு பத்து ரூபாயாவது பெறுமா என்று கேட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய நியாயச் சட்டத்தின் (பாரதிய நியாய சன்ஹிதா) 325ஆம் பிரிவு அந்த விலைக்கணக்கை நீக்கி ஐந்தாண்டுச் சிறை வரை வைத்திருப்பது முன்னேற்றம்தான். ஆனால் அதுவும் ஒருவருடைய சொத்துக்குக் கேடு விளைவித்த குற்றம் என்ற தலைப்பின்கீழ்தான் இன்னும் நிற்கிறது. உரிமையாளர் இல்லாத தெருநாய்க்கு நஞ்சு வைத்தால் யாருடைய சொத்து கெட்டது என்ற கேள்வியில் வழக்கு தடுமாறக் கூடும். வலி கொள்ளும் உயிரைத் துன்புறுத்தியதே குற்றம் என்று நேராக எழுதப்பட வேண்டும், அபராதம் உறைக்கும்படி இருக்க வேண்டும். அதற்கு நாய் நபராக வேண்டியதில்லை.

ஆட்டைப் பற்றிக் கேட்டதை நான் தவிர்க்கப் பார்க்கவில்லை. ஆடு நபர் என்று நான் சொல்லவில்லை. நானும் கறி உண்ணும் குடும்பத்தில் பிறந்தவர். உண்பதா விடுவதா என்பதை இங்கிருந்து உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன். ஆட்டுக்கு வலியும் அச்சமும் உண்டு என்பதை மட்டும் ஐயமின்றிச் சொல்வேன், ஆடு அறுக்கும் கூடமான ஆட்டுத்தொட்டியில் பணிசெய்த நாள்களில் அதைக் கண்ணால் கண்டவன் என்ற முறையில். ஓர் ஆட்டின் கண்ணெதிரே மற்றோர் ஆட்டை அறுக்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள் சொல்கின்றன. ஒரு மருத்துவர் மணிக்குப் பன்னிரண்டு விலங்குகளுக்கு மேல், நாளுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அவசரமாகப் பார்த்தால் நோயும் தெரியாது, கருவுற்ற ஆடும் தெரியாது என்பதால் வைத்த எல்லை அது. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரவில் நகரத்துக்குத் தேவைப்படும் ஆடுகளின் எண்ணிக்கையையும் பணியில் இருக்கும் மருத்துவர்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால் இந்த எல்லையைக் காப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். கூடுதல் மருத்துவர்களும், வரிசையில் நிற்கும் ஆட்டுக்கு அறுக்கும் இடம் தெரியாதபடி ஒரு தடுப்புச் சுவரும் மாநகராட்சி வரவுசெலவுக்குள் முடியக்கூடிய வேலைகள். உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள், முத்திரை இல்லாத கறியை வாங்க மறுத்துவிடுங்கள்; எங்கே, எப்படி அறுத்தது என்று கடைக்காரரிடம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.